கண்ணை மூடும் கோல்கீப்பரும் மற்றக் குறைகளும்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். இந்தக் கடிதத்தை அக்கா பக்கத்தில் இல்லாதபோது படிக்கவும்.

தாவரவியல் நடத்திக்கொண்டிருந்த என்னைக் கல்லூரிக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராகப் போட்டது உங்களுக்குத் தெரியும். "மைதானம் முழுக்கப் புல்லுதானே சார், உங்க சப்ஜெக்ட்தானே" என்றார் முதல்வர். புதிய சீசன் அடுத்த மாதம் தொடங்குகிறது. முதல் ஆட்டத்தில் தோற்றால் அணியைக் கலைத்துவிட்டு மைதானத்தைக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிடுவாராம். "கார் யார்கிட்டயும் தோத்துட்டு வராது பாருங்க" என்றார். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது.

எதை முதலில் சரிசெய்வது என்றே பிடிபடவில்லை. தடுப்பில் நிற்கும் இரண்டு நெட்டையர்களும் ஒரு ஜோடி ஷூ விஷயத்தில் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பந்து இருவருக்கும் நடுவில் வந்தால் ஒருவன் கோல்கீப்பரைத் திரும்பிப் பார்த்து, "அது அவன் பந்துன்னு அவன்கிட்ட சொல்லு" என்கிறான். சொல்லி முடிப்பதற்குள் பந்து வலைக்குள் போய்விடுகிறது. நடுக்களத்தில் நிற்க வேண்டியவர்கள் யாரும் அங்கே நிற்பதில்லை, பந்து போகிற பக்கமெல்லாம் ஈ மொய்க்கிற மாதிரி மொத்தமாகப் போகிறார்கள். முன்னால் ஆடுகிறவனுக்கு 'சாரி' என்று பட்டப்பெயர். யார்மேல் இடித்தாலும் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஓடுவான். நல்ல வளர்ப்புதான், ஆனால் அதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டு வந்துவிடும்.

போன வாரம் தைரியம் வரட்டும் என்று கல்லூரி அலுவலக ஊழியர்களோடு ஒரு பயிற்சி ஆட்டம் வைத்தேன். தோற்றோம் அத்தான். கணக்காளர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கத் தொங்க வந்து கோல் அடித்தார். அடித்த பிறகு, "இதுதான் கோலா?" என்று என்னிடமே கேட்டார். மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் டம்ளர்களை ஆட்டக்காரர்களாக அடுக்கி யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வந்து நடுக்கள வீரனை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு, "அவனாவது ஒருத்தருக்குப் பிரயோஜனப்பட்டானே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சொல்லத் தயங்குவது கோல்கீப்பரைப் பற்றி, அதாவது உங்கள் மகனைப் பற்றி. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறான். "கண்ணைத் திறந்து பிடிடா" என்றேன். "திறந்தா பந்து வர்றது தெரியுது மாமா" என்கிறான். வேறு பையனைப் போடுவது என்று முடிவு செய்து, சொல்லிவிடத்தான் நேற்று மாலை சாமான் அறைக்குப் போனேன். அவன் தனியாக உட்கார்ந்து எல்லாப் பந்துகளுக்கும் காற்றடித்துக்கொண்டிருந்தான். தலைகூட நிமிரவில்லை. "மத்தவங்கல்லாம் திட்டுறாங்க மாமா. நீங்க மட்டுந்தான் என்னை வெளிய அனுப்பல" என்றான். நான் பம்பை வாங்கி மிச்சப் பந்துகளுக்குக் காற்றடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அத்தான், நீங்கள் ஒரு காலத்தில் ஆடியவர். அவனை மாற்றப்போவதை அவனிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அக்காவிடமும் சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. இந்த அணி ஜெயிக்க ஏதாவது வழி இருந்தால் அதையும் எழுதுங்கள். அக்காவுக்கு முதலில் என் அன்பைச் சொல்லவும், காரணத்தை அப்புறம் சொன்னால் போதும்.

என்றும் உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது முதல்வர் போனில் கூப்பிட்டார். நான் மெலிந்துபோகிறேன், நீங்கள் பழைய ஆட்டக்காரர் என்று அக்கா அவரிடம் பேசினாளாம். பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்து உங்களை நியமித்துவிட்டார். திங்கட்கிழமை வந்து சேரவும். மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அருமையான அணி. ஒரு குறையும் கிடையாது. கோல்கீப்பரை எக்காரணம் கொண்டும் மாற்றிவிடாதீர்கள், அவன் என் அக்கா மகன்.