நிழல்நாச்சியும் மாமனார் வீட்டு பீரோவும்

வருகிற ஞாயிற்றுக்கிழமை உலகமே தலைகீழாக நின்றாலும் மாமனார் வீட்டுக்குப் போவதில்லை என்று கண்ணாடிக்காரர் முடிவெடுத்தது வியாழக்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது. வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்து முடிப்பதற்குள் பாதி வீரம் தண்ணீரோடு போய்விட்டது. மீதியைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, லென்ஸ் மேல் லென்ஸாக மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. ஊர்க் கண்ணுக்கெல்லாம் பார்வை கொடுத்தவர். வீட்டில் மனைவி பார்க்கும் பார்வையைத் தாங்க மட்டும் அவரிடம் லென்ஸ் கிடையாது.

அந்த அம்மாள் குழந்தைகள் மருத்துவமனையில் நர்ஸ். ஊசி போடுவதில் கெட்டிக்காரி. அவளிடம் குத்து வாங்கிய பிள்ளைகள் அழுததே இல்லை என்பார்கள். அழ வேண்டும் என்று தோன்றும்போது பிள்ளை வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை அப்பா வீடு மாத்துறாரு. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு. அதான் பிரச்சினையே."

"அந்த இரும்பு பீரோவை மட்டும் நீங்க ஒரு பக்கம் பிடிச்சா போதும்னாரு."

"இன்னொரு பக்கம்?"

"அப்பா."

"அவருக்குத்தான் இடுப்புவலியாச்சே?"

"அதனாலதான் உங்க பக்கத்தைக் கொஞ்சம் நல்லாப் பிடிக்கணும்."

கண்ணாடிக்காரருக்கு அந்த பீரோவைத் தெரியும். வீட்டைக் கட்டிவிட்டு பீரோவை உள்ளே கொண்டுபோனார்களா, பீரோவை நிறுத்திவிட்டுச் சுற்றிலும் சுவர் எழுப்பினார்களா என்று சந்தேகப்படும்படியான பீரோ. கதவைத் திறந்தால் வீட்டுக்குள் இடி இடிக்கும். அதைத் தூக்குவதும் தூக்குத் தண்டனையும் அவருக்கு ஒன்றுதான்.

"ஞாயித்துக்கிழமை எனக்குப் போட்டி இருக்கு" என்றார்.

"என்ன போட்டி? அந்த எலும்புமுறியா?"

அதேதான். 'எலும்புமுறி' என்பது திரையில் இரண்டு பேர் நின்று அடித்துக்கொள்ளும் வீடியோ கேம். ஐந்தாம் பாகம் வரை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு வளாகத்தின் மேல் மாடியில் அதற்குப் போட்டி வைத்திருந்தார்கள். கண்ணாடிக்காரர் பேர் கொடுத்து, கையில் கட்டிக்கொண்டு உள்ளே போகிற பட்டையையும் வாங்கி வைத்திருந்தார்.

அந்த ஆட்டத்தில் அவருடைய ஆள் நிழல்நாச்சி. கூலிக்குக் கொலை செய்பவள். முதல் பாகத்தில் சமையல்காரியாக அரண்மனைக்குள் போனாள். ராஜா சாப்பிட உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் வைத்தியச்சி. மூன்றாம் பாகத்தில் மணப்பெண்ணாகவே போய்விட்டாள். ஆயுதம் என்று பார்த்தால் கொண்டையில் செருகிய நீளமான ஊசி ஒன்றுதான். மற்றவர்கள் உறுமுவார்கள், மார்தட்டுவார்கள். இவள் வாயே திறக்க மாட்டாள். எதிராளி மார்தட்டி முடிக்கும்போது அந்த மார்பில் ஊசி நிற்கும்.

"என்ன பொம்பளை!" என்று கண்ணாடிக்காரர் அவளைப் பார்த்து உருகுவார். தினமும் சாயங்காலம் பழகுவதற்கு அடி வாங்க ஓர் ஆள் வேண்டுமே? மனைவியைப் பக்கத்தில் உட்கார்த்தி, 'மலையப்பன்' என்ற குண்டு மல்லனை அவள் கையில் கொடுத்துவிடுவார். அவள் ஒரு கையால் துவைத்த துணியை மடித்துக்கொண்டே மறுகையில் கன்ட்ரோலரைப் பிடித்திருப்பாள். மலையப்பன் சும்மா நின்று குத்து வாங்கி மல்லாந்து விழுவான். "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த துணியை எடுப்பாள். எப்போதாவது, "ஏங்க, அந்தப் பொண்ணு அடிக்கிறதுக்கு முன்னாடி ஏன் லேசாக் குனியுது?" என்பாள். அவரும் மகிழ்ந்துபோய் வகுப்பே எடுப்பார்.

இதெல்லாம் மனதில் ஓட, வியாழக்கிழமை காலை அவருக்கு மூளையில் ஒரு மின்னல் அடித்தது.

"சண்டை வேணாம்மா. நியாயமா ஒண்ணு செய்வோம். சனிக்கிழமை நாம ரெண்டு பேரும் எலும்புமுறி ஆடுவோம். நான் ஜெயிச்சா போட்டிக்குப் போறேன். நீ ஜெயிச்சா பீரோவுக்குப் போறேன்."

"ஐயோ, எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்?"

"தினமும் ஆடுறியே!"

"நான் எங்க ஆடுறேன்? விழுறேன்."

"விழறதும் ஆட்டத்துல ஒரு பகுதிதான்."

அவள் பெருமூச்சு விட்டாள். "பாவம் அப்பா. சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமானதிலிருந்து அந்த வாக்கியத்தை அவர் கேட்டதே இல்லை. அன்று கடையில் கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பும் அளவுக்கு சந்தோஷம்.

ஆனாலும் ஜாக்கிரதையான மனிதர். வெள்ளிக்கிழமை மேல்மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக்கைப் போய்ப் பார்த்தார். அவனும் எலும்புமுறிப் பைத்தியம். அவனும் ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குப் போகிறவன்.

"தம்பி, உன்கிட்ட ஒரு பழைய கன்ட்ரோலர் இருந்துச்சே?"

"ஜூஸ் கொட்டினதா? அதுல ஒரு பொத்தான் அமுக்கினா மேல வராதுண்ணே. அப்படியே ஒட்டிக்கும்."

"அதுதான் வேணும்."

"யாருக்குண்ணே?"

"உங்க அண்ணிக்கு."

மெக்கானிக் மார்பில் கை வைத்தான். "அண்ணே, இது பாவம்."

"பீரோவை நீ தூக்குறியா?"

"எடுத்துட்டுப் போங்கண்ணே."

சனிக்கிழமை சாயங்காலம். துணி மடிக்கிற வேலை இல்லாததால் மனைவி இரண்டு கையாலும் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வேறயா இருக்கே?"

"உனக்காக ஸ்பெஷலா வாங்கிட்டு வந்தேன்."

"எவ்வளவு நல்ல மனசுங்க உங்களுக்கு! இன்னொண்ணு கேக்கலாமா? இன்னிக்கு ஒரு நாள் அந்த நாச்சியை எனக்குக் குடுங்களேன். தோக்கறதுதான் தோக்கறேன், கொஞ்சம் அழகாவாவது தோக்கறேன்."

கண்ணாடிக்காரர் ஒரு கணம் தயங்கினார். நிழல்நாச்சியைக் கொடுப்பதென்றால் சொந்தக் கையைக் கழற்றிக் கொடுப்பது மாதிரி. ஆனால் ஒட்டுகிற பொத்தான் இருக்கிறதே! தூக்குமேடைக்குப் போகிறவன் கேட்பதைக் கொடுப்பதில்லையா? பெருந்தன்மையோடு கொடுத்துவிட்டு மலையப்பனை எடுத்துக்கொண்டார்.

மூன்று சுற்றில் இரண்டை ஜெயிக்க வேண்டும். முதல் சுற்று அவருக்கே. மலையப்பன் கொடுத்த அறையில் நிழல்நாச்சி சுவரில் ஒட்டிக்கொண்டாள். பொத்தானும் ஒட்டிக்கொண்டது.

ஒட்டியது எந்தப் பொத்தான் என்பதை மெக்கானிக்கும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அது தடுப்புப் பொத்தான். அடி விழும்போது குறுக்கே கையை நீட்டித் தடுக்கிற பொத்தான். இரண்டாம் சுற்றில் மலையப்பன் எகிறிக் குத்தினான், தடுத்தாள். உதைத்தான், தடுத்தாள். கர்ஜித்துக்கொண்டு பாய்ந்தான், கொட்டாவி விடுகிற மாதிரி தடுத்தாள். மனைவி அந்தப் பொத்தானின் அடியில் நகத்தைக் கொடுத்துக் கிளப்பிவிடுவது ஊசி குத்த வேண்டிய நேரத்தில் மட்டும்தான்.

"என்னம்மா, அடியே விழமாட்டேங்குது?"

"எனக்கென்னங்க தெரியும்? ஆமா, கடை ஷட்டரைப் பூட்டினீங்களா?"

கண்ணாடிக்காரர் யோசித்தார். இழுத்து இறக்கியது ஞாபகம் வந்தது. பூட்டியது...

சதக்.

மலையப்பன் நெஞ்சில் ஊசி. திரையில் சிவப்பாக, 'எலும்பு முறிந்தது'.

"பேசாம ஆடு!" என்றார்.

"சரிங்க."

மூன்றாம் சுற்றில் அவள் பேசவே இல்லை. அதுதான் அவரை வதைத்தது. அடுத்து என்ன கேட்கப்போகிறாள், எப்போது கேட்கப்போகிறாள் என்று காது முழுக்க அவள் பக்கம் இருந்தது. மலையப்பனின் உயிர் நூலிழையில் தொங்கியது. பொத்தானைக் கிளப்புகிற நேரத்திலெல்லாம் அடி வாங்கி நாச்சிக்கும் அதே கதி. ஒரே ஒரு அடி, யாருடையது முந்துகிறதோ அவர் ஜெயிப்பார் என்கிற நிலை.

"உங்க அக்கா போன் பண்ணாங்க" என்றாள், மெல்ல.

"என்னவாம்?"

சதக்.

"சும்மாதான் பண்ணாங்களாம்" என்று கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள். "இது ரொம்ப நல்லா இருக்குங்க. ஒரு பொத்தான் தன்னாலேயே வேலை செய்யுது. எங்க வாங்கினீங்க?"

எங்கே வாங்கினார் என்று எந்த வாயால் சொல்வார்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

ஆள் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது போலிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க பேரு அங்க இருக்கும்ல? கூப்பிட்டு ஆள் வரலைன்னா பயந்து ஓடிட்டாருன்னு பேசமாட்டாங்க?"

அவர் அதை நினைக்கவே இல்லை.

"மேல்மாடித் தம்பி ஒருத்தரே போதும், லிஃப்டுல ஏறி இறங்குறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிடுவாரு" என்றாள். "வேணும்னா நான் போய் அந்தப் பட்டையைக் கட்டிக்கிட்டு நிக்கட்டுமா? முதல் சுத்துல தோத்துட்டு வந்துடறேன். உங்க மானமாவது மிஞ்சும்."

கண்ணாடிக்காரரின் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனைவிக்கா ஒட்டுகிற பொத்தானைக் கொடுத்தோம்! பாவத்தைக் கழுவ ஒரே வழிதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, தன் பரம ரகசியமான அடியை அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். நாச்சி கீழே உதைப்பது மாதிரி காட்டுவாள். எதிராளி காலைக் காப்பாற்றக் குனிவான். ஊசி மேலே இறங்கும். மெக்கானிக்குக்குக்கூடக் காட்டாத வித்தை அது.

"முதல் சுத்துல தோக்கப்போறதுக்கு இதெல்லாம் எதுக்குங்க?"

"தோத்தாலும் என் பேருக்கு ஏத்த மாதிரி தோக்கணும்மா."

பட்டையை அவரே அவள் மணிக்கட்டில் கட்டிவிட்டார். தன் நல்ல கன்ட்ரோலரையும் பையில் போட்டுக் கொடுத்தார். பிறகு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்றை இறுக்கிக்கொண்டு, பஸ் ஏறினார்.

பஸ்ஸில் போன் அடித்தது. லிஃப்ட் மெக்கானிக்.

"அண்ணே, அண்ணி முதல் சுத்துல ஜெயிச்சுட்டாங்க!"

"தெரியாத்தனமா ஜெயிச்சிருப்பா. அடுத்ததுல போயிடுவா."

"எதிர்ல ஆடினவன் போன வருஷம் கோப்பை வாங்கினவன்ணே. 'தம்பி, சாப்பிட்டியா?'ன்னு கேட்டாங்க. அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். அவ்வளவுதான்."

கண்ணாடிக்காரருக்கு லேசாக வியர்த்தது. பெல்ட்தான் இறுக்குகிறது போலிருக்கிறது என்று ஒரு ஓட்டை தளர்த்திக்கொண்டார்.

மாமனார் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நுழைந்தவர் நின்றுவிட்டார். கூடம் காலி. அறை காலி. சமையலறையில் ஒரு கரண்டி கூட இல்லை. பீரோ நின்ற இடத்துச் சுவரில் மட்டும் பீரோவின் உயரத்துக்குப் புதுச் சுண்ணாம்பு மாதிரி பளிச்சென்று ஒரு வெள்ளை. நடுக் கூடத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மாமனார், மடியில் பிளாஸ்க்கோடு. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். வண்டி சரியான நேரத்துக்கு வந்துவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது.

"வாங்க மாப்ள, வாங்க!"

"மாமா, பீரோ எங்க?"

"அது போன வாரமே புது வீட்டுக்குப் போயிடுச்சே! சாமானெல்லாம் அன்னிக்கே போயாச்சு. உங்க வீட்டுக்காரிதான் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து, கூடவே நின்னு ஏத்தி அனுப்பினா. உங்ககிட்ட சொல்லலையா?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் போன் அடித்தது.

"அண்ணே..." மெக்கானிக்கின் குரல் கம்மியிருந்தது. "நான் போயிட்டேன்ணே."

"எங்க போயிட்ட?"

"தோத்துட்டேன். அரையிறுதியில அண்ணிகூட நான்தான். 'ஏன் தம்பி, நம்ம லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சாமே, உள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்களாமே?'ன்னாங்க. பதறிப்போய்த் திரும்பினேன். கீழ உதைக்கிற மாதிரி வந்துச்சுண்ணே, மேல இறங்கிடுச்சு. அந்த அடியை யாருண்ணே அவங்களுக்குக் கத்துக்குடுத்தது?"

கண்ணாடிக்காரர் பெல்ட்டை இன்னொரு ஓட்டை தளர்த்திக்கொண்டார்.

"இப்ப இறுதிச் சுத்துக்கு உட்கார்ந்துட்டாங்க. கூட்டமெல்லாம் உங்க பேரைச் சொல்லித்தான் கத்துது. கேக்குதாண்ணே?"

கேட்டது. போனுக்குள்ளிருந்து நூறு பேர் அவர் பேரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். போனை அணைத்து சட்டைப்பைக்குள் போட்டார்.

"மாமா, இங்கதான் வேலையே இல்லையே. இப்பக் கிளம்பினாக்கூட நான் அங்க போய்ச் சேர்ந்துடுவேன்..."

"எங்க கிளம்புறீங்க?" மாமனார் அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்தி, பிளாஸ்க்கின் மூடியைத் திறந்தார். "நான் ரயில்வேயில இருந்த கதையை ஆதியோட அந்தமா கேக்கணும்னு நீங்க ரொம்ப நாளா ஏங்குறீங்களாமே, மாப்ள? அவ சொல்லித்தான் இந்த ரெண்டு நாற்காலியையும் புது வீட்டுலேருந்து திரும்பத் தூக்கிட்டு வந்தேன்!"