நல்லமிளகு ஒரு ஸ்பூன்

"ஏங்க, இதுல நல்லமிளகு ஒரு ஸ்பூன், மல்லி நாலு ஸ்பூன்னு போட்டிருக்கு. யாரக் கேட்டு இப்படிப் போட்டிய?"

எப்சிபா சமையல் குறிப்பு அட்டையை நீட்டினாள். கிங்ஸ்லி அதை வாங்கிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். மனைவி சொன்னது நல்லமிளகு நாலு, மல்லி ஒன்று. அட்டையில் இரண்டும் இடம் மாறிக் கிடந்தன.

கிங்ஸ்லி தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் அவருக்குக் கை துறுதுறுக்க ஆரம்பித்துவிட்டது. சர்ச் பெண்கள் சங்கத்து விற்பனைக்கென்று வீட்டிலேயே சமையல் குறிப்பு அட்டை தயாரித்தார். மேலே ஐந்தருவி, கீழே ஆவி பறக்கும் மண்சட்டி, நடுவில் 'எப்சிபாவின் சாரல் கால நல்லமிளகுக் குழம்பு'. சட்டிக்குப் பக்கத்தில் ஒரு குரங்கையும் உட்கார வைக்க ஆசைப்பட்டு, கம்ப்யூட்டரில் வரிகளை மேலும் கீழும் நகர்த்தினார். வினை அங்கேதான் நடந்திருக்க வேண்டும்.

"ஒரு குரங்குக்காவ எங்குழம்போட வெளையாடிட்டியளே!"

அது சாதாரணக் குழம்பு இல்லை. விருந்துக்கு வந்தவர்கள் விரலைச் சப்பிக்கொண்டே அளவு கேட்பார்கள். எப்சிபாவும் மறைக்காமல் சொல்லுவாள். ஆனால் வீட்டில் போய் வைத்துப் பார்த்தவர்கள் நாக்கை நீட்டிக்கொண்டு தண்ணீருக்கு ஓடுவார்கள். "அதுக்குக் கைப்பக்குவம் வேணும்லா" என்று எப்சிபா சிரிப்பாள். கிங்ஸ்லியின் தங்கை ஜெஸி, வீரகேரளம்புதூருக்கு வாக்கப்பட்டுப் போன நாளிலிருந்து அந்தக் குழம்பை வைத்துத் தோற்றுக்கொண்டிருந்தாள்.

"வித்த அட்டை அத்தனையும் இன்னைக்கே திரும்பி வரணும். ஒண்ணு வெளிய கெடந்தாலும் நான் இலத்தூருக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நீங்களும் ஒங்க குரங்குமா பொங்கித் திங்கலாம்."

பாவம், கட்டிக் காத்த பேர் கெட்டுவிடும் என்று பதறுகிறாள். கிங்ஸ்லி குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

முதலில் பலசரக்குக் கடை பலவேசம் அண்ணாச்சி. கோடு கோணினாலே மார்க்கைக் குறைக்கிற வாத்தியார், தன் தப்பை எப்படி ஒப்புக்கொள்வார்?

"அந்த அட்டையத் தாங்க அண்ணாச்சி. மை சரியில்ல. கையில ஒட்டுது."

"ஒட்டுனா ஒட்டிட்டுப் போவுது சாரே. படம் நல்லா இருக்கு."

"இல்ல, அது ஒரு மாதிரி கெமிக்கலு..."

அண்ணாச்சி அட்டையைக் கீழே போட்டுவிட்டு சோப்பைத் தேடி ஓடினார்.

அடுத்த தெருவில் நிர்மலாதேவி டீச்சர் வீட்டுக்கு அவர் போய்ச் சேருவதற்குள் சேதி முந்திக்கொண்டது. டீச்சர் முழங்கை வரை மஞ்சள் பூசி நின்றாள்.

"நல்ல வேள, தூரப் போட்டுட்டேன் சார். எதுக்கும் இருக்கட்டும்னு போட்டோ எடுத்து நம்ம வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டுதான் தூரப் போட்டேன்."

"குரூப்புலயா?"

"அட்டையத்தானே தொடக்கூடாது? போனத் தொடலாம்லா?"

இதுவரை அட்டை வாங்கியவர்களிடம் மட்டும் இருந்த அளவு, இப்போது குரூப்பில் உள்ள எல்லார் கையிலும் இருந்தது. கிங்ஸ்லி அங்கேயே நின்று குரூப்பில் குரல் பதிவு ஒன்று போட்டார்: "கிங்ஸ்லி பேசுதேன். அந்த அட்டைய நம்பி தயவுசெஞ்சு யாரும் குழம்பு வைக்காதீங்க."

அதுவரை வைக்க நினைக்காதவர்கள்கூட அடுப்பைப் பற்றவைத்தார்கள்.

நனைந்த கோழியாக அவர் வீடு திரும்பியபோது, எப்சிபா மடியில் பையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். துணி இன்னும் பைக்குள் போகவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"கெடைச்சுதா?"

அவர் வாயைத் திறக்குமுன் போன் அடித்தது. பலவேசம் அண்ணாச்சி.

"சாரே, வைக்காதேன்னு சொன்னதும் எங்க வீட்ல வச்சிட்டா."

கிங்ஸ்லி கண்ணை மூடிக்கொண்டார்.

"சட்டிய வழிச்சு நக்கியாச்சு சாரே! மதினிட்ட சொல்லுங்க, அமிர்தம்!"

போனை வைத்ததும் நிர்மலாதேவி டீச்சர் கூப்பிட்டாள். அவள் வீட்டில் குழம்புக்குச் சண்டையாம். பிறகு குரூப்பில் வரிசையாகக் காலிச் சட்டிகளின் படங்கள். கிங்ஸ்லிக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. நாள் முழுக்க நனைந்த மனிதருக்கு அப்போதுதான் குளிர்கூடத் தெரிந்தது.

"ஸ்தோத்திரம்! எப்சி, ஒம்பேரு கெடல. அளவு மாறியும் ஒங்குழம்பு ஜெயிச்சிட்டு பாரு!"

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எப்சிபா மட்டும் சிரிக்கவில்லை. பையின் வாரைத் திருகிக்கொண்டே, "ஜெஸி அட்டை வாங்குனாளா?" என்று கேட்டாள்.

"காலையிலேயே வாங்கிட்டு பஸ் ஏறிட்டாளே."

சொல்லி வாய் மூடவில்லை, ஜெஸியே கூப்பிட்டாள். சந்தோஷத்தில் கிங்ஸ்லி ஸ்பீக்கரைப் போட்டார்.

"அண்ணே, மதினி பக்கத்துல இருக்காவளா? மதினி, குழம்பு அப்படியே ஒங்க குழம்பு! இத்தன வருசமா எங்க எல்லார்ட்டயும் நல்லமிளகு நாலு, மல்லி ஒண்ணுன்னு மாத்திச் சொன்னிய, கட்டுன புருசன்ட்ட மட்டும் உள்ளதச் சொல்லிட்டிய, என்ன?"