வடக்கு வந்துவிட்டார்

எங்கள் பள்ளிச் சாரணர் படையின் வார இறுதி முகாம் "திசையறிதலின் இன்றியமையாமை" என்ற தலைப்பில் இனிதே தொடங்கியது. திசைகாட்டியைப் பார்த்து, நேர் வடக்கே நடந்து ஏரிக்கரையை அடைகிறவர்களுக்கு பேட்ஜ். அந்த பேட்ஜுக்காக என் மகள் வீட்டில் குளியலறைக்குக்கூடத் திசைகாட்டியோடுதான் போனாள். நான் கூடாரம் கட்டப் போன அப்பாக்களில் ஒருவன்.

தொடங்கிவைக்கச் சாரண ஆணையர் வந்தார். நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ப்பட்டை. பின் குத்தினால் சட்டை ஓட்டையாகிறதாம். மேலிடத்தில் இப்போது காந்தத்தில் ஒட்டுவதுதான் நாகரிகம். பெரிய பதவி, அதனால் பெரிய காந்தம்.

அவர் பிள்ளைகள் நடுவே வந்து நின்றதுதான் தாமதம், அத்தனை திசைகாட்டி முள்ளும் சடாரென்று அவர் பக்கம் திரும்பின.

சாரண ஆசிரியர் வெலவெலத்துப் போனார். "ஐயா, வடக்கு... உங்க பக்கம் காட்டுது."

"காட்டட்டுமே! முள்ளுக்குக்கூட மரியாதை தெரியுது பாருங்க."

என் மகளுக்கு வாய் சும்மா இருக்குமா? "சார், அது உங்க காந்தம் சார். கழட்டிட்டா சரியாயிடும்."

"ஏம்மா, ஒரு முள்ளுக்காக நான் பதவியக் கழட்டணுமா?"

ஆசிரியர் உடனே அறிவித்தார்: "மாண்புமிகு ஆணையர் அவர்கள் நிற்குமிடமே வடக்கு எனக் கொள்ளப்படும்." எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான்.

நடை தொடங்கியது. ஊக்கமூட்ட ஆணையரும் கூடவே நடந்தார். அவர் நிழலில் உட்கார்ந்தால் வடக்கும் உட்கார்ந்தது. அவர் புதர் மறைவில் ஒதுங்கினார். படை முழுக்க அணிவகுத்துப் பின்னாலேயே போனது. "கொஞ்ச நேரம் தெற்கே பாருங்கடா!" என்று உள்ளேயிருந்து அலறல் கேட்டது.

சாயங்காலம் எல்லாரும் புறப்பட்ட மைதானத்துக்கே வெற்றிகரமாக வந்து சேர்ந்தார்கள். என் மகளைக் காணோம். ஓடிப் போய்ப் பார்த்தால், வெயிலை வைத்தே வடக்கைக் கண்டுபிடித்து ஏரிக்கரைக்குப் போயிருக்கிறாள். அங்கே மதியச் சாப்பாட்டோடு காத்திருந்த சமையல்காரரோடு உட்கார்ந்து, ஆறிப்போன சாப்பாட்டிலிருந்து காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள்.

எல்லாருக்கும் பேட்ஜ் கிடைத்தது, அவளுக்கு மட்டும் இல்லை. காரணத்தை ஆசிரியர் உரக்கப் படித்தார்: "வடக்கின் அனுமதியின்றி, தன்னிச்சையாக ஏரியை அடைந்தமையால்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுவிடுவென்று ஆணையர் முன்னால் போய் நின்றேன்.

"சின்னப் பொண்ணு, தெரியாம சரியாப் போயிட்டா. மன்னிச்சுக்கங்க ஐயா" என்றேன்.

அவர் குளிர்ந்துபோனார். அந்த இடத்திலேயே என்னைப் பெற்றோர் பிரதிநிதியாக்கி, தன் கையாலேயே என் சட்டையில் ஒரு பட்டையை ஒட்டினார். சின்னக் காந்தம்தான்.

கிளம்பும்போது மகளைச் சமாதானப்படுத்தப் பக்கத்தில் போனேன். அவள் திசைகாட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வீட்டுக்கு வழி பாக்கணும்."