மினுங்காத பந்து

இந்த முறை பெயின்ற் பிரஷைத் தொடுவதேயில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். உயிர் போனாலும் சரி.

என் மனைவி றினோஸாவின் தங்கச்சிக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். எங்கள் கேற்றுத் தூண் இரண்டின் தலையிலும் பூசணிக்காய் அளவில் ஒவ்வொரு சீமெந்துப் பந்து உட்கார்ந்திருக்கிறது. கட்டிய நாளிலிருந்து வெறும் சாம்பல் நிறம். பந்துக்குச் சிவப்பும் தூணுக்கு வெள்ளையும் நான் அடிக்க வேண்டுமாம். போன பெருநாளுக்கு மதிலுக்குப் பெயின்ற் அடித்து முதுகு பிடித்துக்கொண்டவன் நான்.

எங்கள் ஊர் சாய்ந்தமருதில் கலியாணத்தில் வீடு எப்போதும் பெண்ணுக்குத்தான். ஒரு பெட்டி உடுப்போடு வந்து சேர்ந்த மாப்பிள்ளை நான். அந்த நியாயத்தையே பிடித்துக்கொண்டேன்.

“வீடு உன்ட பேரில. கேற்றும் உன்ட பேரில. பெயின்ற் அடிக்கிறது மட்டும் என்ட பேரிலயா?”

“மூணு நேரமும் சாப்பிடுறது ஆர்ட பேரில மச்சான்?”

நியாயத்தை மடித்து வைத்துவிட்டு வேறு சாட்டுத் தேடினேன்.

அல்லாஹ் ஒரு வழியைத் திறந்தான். விளையாட்டுக் கழகத் தலைவர் முனாஸ் போன் எடுத்தார். கடினப்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்குப் போஸ்டர் வேண்டும். நடுவில் பளபளவென்று ஒரு சிவப்புப் பந்து. கையால் பிடிக்கலாம் போல உருண்டு திரண்டு நிற்க வேண்டும்.

“போட்டோஷொப் தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இரிக்காங்களா காக்கா?” என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டார்.

“ஏன், நான் செத்தா போயிட்டன்?”

பாஸ்போட் படத்துக்கு நீலப் பின்னணி போடுவதுதான் எனக்குத் தெரிந்த போட்டோஷொப். ஆனாலும் வெள்ளிக்கிழமைக்குள் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். நேரே குசினிக்குப் போய், சமைத்துக்கொண்டிருந்த றினோஸாவிடம் அறிவித்தேன்.

“புள்ள, எனக்குப் பந்து வரையிற வேலை வந்திட்டு. இனி கேற்றுப் பக்கம் தலை வச்சும் படுக்க ஏலா.”

“ஓம் ஓம். வடிவா வரைங்க,” என்றாள்.

உடனே சம்மதித்தாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். சந்தோசப்பட்டேன்.

யூடியூபில் ஒரு தம்பி பாடம் நடத்தினான். வட்டம் போடு. சிவப்பை நிரப்பு. புது லேயரில் வெள்ளை வை. கீழே நிழல் போடு. அவன் செய்தால் பந்து. நான் செய்தால் வேறு என்னவோ. றினோஸா பிளேன்ரீயோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“இதென்ன, பீட்றூட் துண்டா?”

“பந்து!”

“நடுவில வெள்ளை?”

“மினுக்கம்.”

“கண்ணில பூ விழுந்த மாதிரி இரிக்கு. கீழ என்ன கறுப்பு?”

“நிழல்.”

“எண்ணெய் ஊத்துண்டிட்டாக்கும் எண்டு நினைச்சன். சரி, வெளிச்சம் எங்கால இரிந்து வருது?”

நான் லெப்டொப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து வெளிச்சம் அதற்குள்ளேயிருந்துதான் வருகிறது.

வியாழக்கிழமை வந்துவிட்டது. “பந்து என்ன மாதிரி காக்கா?” என்று முனாஸ் கேட்டார். “உருளுது,” என்றேன். உண்மையில் அது இன்னும் பீட்றூட் துண்டாகத்தான் கிடந்தது. நாளைக்குப் போஸ்டர் இல்லையென்றால் ஜும்ஆ முடிந்து வருகிற சனம் முழுக்க என்னைப் பந்தாடிவிடும்.

றினோஸாவுக்கு என்மேல் இரக்கம் வந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

“இஞ்சாருங்க, வெயில்ல ஒரு பந்தை வச்சிப் பார்த்து வரைஞ்சா லேசெல்லா?”

“வீட்டில பந்துக்கு எங்க போற?”

“நம்மட கேற்றில இரிக்கே.”

ஓடினேன். அசர் நேரத்து வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பந்து செத்துப்போய் நின்றது.

“மினுங்கலியே புள்ள!”

“வெறும் சீமெந்து மினுங்குமா? கொஞ்சம் எனாமல் பட்டா மினுங்கும். வேணா, உங்களுக்கு முதுகு நோவு.”

“முதுகு கிடக்கட்டும்!”

ஸ்டூலில் ஏறினேன். சிவப்பு டின்னின் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது. பிரஷ் கழுவித் தயாராக இருந்தது. என்ன கெட்டிக்காரப் பெண் என்று மெச்சிக்கொண்டேன்.

பூசியதும் சுப்ஹானல்லாஹ்! வெயில் பட்ட பக்கம் பளிச்சென்று ஒரு பொட்டு. மறுபக்கம் இருட்டு. படம் எடுத்துக்கொண்டு இறங்கப் போனேன்.

“மற்றப் பந்து மர நிழல்ல நிக்குது. நிழல்ல எப்பிடி மினுங்கும் எண்டு பார்க்க வேணாமா?”

நியாயம். அதற்கும் அடித்தேன்.

“தூண் சாம்பலா இரிந்தா, கீழால வெளிச்சம் திரும்பிப் படாதெல்லா? வெள்ளை அடிச்சிப் பாருங்களன்.”

அதுவும் விஞ்ஞானம்தானே! இரண்டு தூணுக்கும் வெள்ளை அடித்து முடிக்கப் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னது.

வெள்ளி காலையில் பந்தை வரைந்து அனுப்பினேன். “காக்கா, போனைத் தடவிப் பார்த்தன்!” என்று முனாஸ் கத்தினார். நான் தரையில் நடக்கவில்லை. றினோஸாவிடம் சொல்ல வெளியே ஓடினேன். அவள் கேற்றடியில் நின்று ரசித்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். சிவப்புப் பந்து, வெள்ளைத் தூண், எல்லாம் முடிந்திருந்தது.

விளங்கிவிட்டது.

கோபம் வரவில்லை. கேற்று அவ்வளவு வடிவு. போஸ்டரும் வடிவு. அவள் சிரித்தது அதைவிட வடிவு. போகட்டும், பந்தோடு முடிந்ததே என்று ஒரு பெருமூச்சு விட்டேன்.

“மச்சான், அந்த யூடியூப் தம்பிட பாடமெல்லாம் பார்த்தன்,” என்றாள் றினோஸா. “அடுத்த பாடம் உருளை வரையிறதாம். போர்ட்டிகோவில நிக்கிற வட்டத் தூணுக்கும் பெயின்ற் வாங்கி வச்சிரிக்கன்.”