ரெண்டு ஓ வார்த்தைகளும் என் பிள்ளை கல்யாணமும்

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் கமலக்கண்ணன் அவர்களுக்கு,

நகரியிலிருந்து உங்கள் தங்கை புருஷன் உமாபதி பணிவோடு எழுதிக்கொள்வது. பெருமாள் புண்ணியத்தில் இங்கே நானும் பச்சையம்மாளும் பிள்ளை தனசேகரும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர. அது ஏன் சுகமில்லை என்பது கீழே வரும். காஞ்சிபுரத்தில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே "டவர் இல்ல மாப்ள" என்று வைத்துவிடுவீர்கள். காஞ்சிபுரம் முழுக்க டவர் இருக்கிறது, உங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் இல்லை. பிள்ளைக்குத் தாய்மாமன் நீங்கள். சீர்வரிசையோடு எந்த ஊரில் வந்து இறங்குவது என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். அதனால் பொறுமையாகப் படிக்கவும்.

வரதய்யபாளையம் பக்கத்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் உங்கள் மருமகன், திருப்பதியில் காலேஜில் இங்கிலீஷ் பாடம் எடுக்கும் பிரீத்தி என்கிற தெலுங்குப் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய் வந்து நின்றதும், நாங்கள் சரி என்று சொன்னதும் உங்களுக்குத் தெரியும். தங்கமான பெண். தமிழும் நம்மைப் போலவே பேசுவாள். அவள் அப்பா வெங்கடசாமியும் நல்ல மனுஷர்தான். எல்லாம் கூடி வந்தது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. கல்யாணம் எந்த ஊரில்? நம் பழக்கத்தில் பிள்ளை வீட்டில்தான் கல்யாணம். பெண்ணை அழைத்து வந்து நம் வாசலில் பந்தல் போட்டுத் தாலி கட்டுவது. அவர்கள் பழக்கத்தில் பெண் வீட்டில். ஊர் உலகத்தில் சம்பந்திகள் "நீ செய், நீ செய்" என்று தள்ளிவிட்டுச் சண்டை போடுவார்கள். நாங்கள் "நான் செய்வேன், நான் செய்வேன்" என்று சண்டை போட்டோம். எனக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் முதல் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை ரெண்டாம் தரம் கேட்டு வாங்கித் துன்னவன் நான். எனக்கிருப்பது ஒரே பிள்ளை. அந்த ஜனங்களை எல்லாம் என் வாசலில் உட்காரவைத்து என் கையால் இலை போட வேண்டும் என்று அவன் பிறந்த நாளிலிருந்து ஆசை. இது ஒரு தப்பா?

போன ஞாயிற்றுக்கிழமை இதைப் பேசி முடிக்கத்தான் மூன்று பேரும் திருப்பதி போனோம். வாசலிலேயே சிரித்த முகமாக வரவேற்று, காபி கொடுத்து, நாலு வார்த்தை நல்லவிதமாகப் பேசினதோடு சரி. "பாவகாரு, ஆடபிள்ளை வீட்லதான் பெள்ளி. எங்க தாத்தா காலத்துலேர்ந்து அதே பத்ததி" என்றார் சம்பந்தி. பாவகாரு என்றால் அவர்கள் மொழியில் சம்பந்தி, பெள்ளி என்றால் கல்யாணம். "உங்க தாத்தா காலம் இன்னா, எங்களுது அதுக்கும் மின்னாடி" என்றேன் நான். எவருடைய பழக்கம் பழசு என்று தொடங்கிய பேச்சு, எவருடைய மொழி பழசு என்று போனது. அவர் குரலை ஏற்ற, நான் இன்னும் ஏற்ற, "இங்கிலீஷ்லயே பாதி தமிழ்தான்யா, வெள்ளைக்காரன் எங்களாண்ட கடன் வாங்கினு போனான்" என்று ஒரு போடு போட்டேன். அவர் "அப்ப மிச்சப் பாதி தெலுங்கு" என்றார். தனசேகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பச்சையம்மாள் என் தொடையில் கிள்ளினாள். நான் விடவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் எழுந்தாள். "நான்னா, மாமய்யா, ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. இங்கிலீஷ்ல ரெண்டு ஓ சேர்ந்து வர்ற வார்த்தைங்க எங்கேர்ந்து வந்துச்சுன்னு போன வாரம் என் ஸ்டூடன்ட்ஸுக்கு ஒரு போட்டி வெச்சேன். அதையே இப்ப வெச்சுக்கலாம். எந்தப் பக்கத்து மொழியிலேர்ந்து ஜாஸ்தி போயிருக்கோ, அந்தப் பக்கத்துல கல்யாணம். நான் பொய் சொல்ல மாட்டேன், டிக்ஷனரியப் பார்த்துதான் மார்க்" என்றாள். அவள் அப்பா தலையாட்டினார். எனக்கென்ன பயம்? பாதி தமிழ் என்று வாய்விட்டுவிட்டேனே, சரி என்றேன்.

முதல் வார்த்தை "ஸ்கூல்" என்று கத்தினேன். அது கிரேக்க மொழியாம், ஆதியில் அதற்கு ஓய்வு நேரம் என்று பொருளாம். நகரியில் நான் படித்த ஸ்கூலில் ஒரு நிமிஷம் ஓய்வு கொடுத்திருப்பார்களா அந்த வாத்தியார்கள்! சம்பந்தி "ஸ்பூன்" என்றார். அது இங்கிலீஷ்காரனுடைய சொந்தச் சரக்காம், மரச்சில்லு என்று அர்த்தமாம். பலூன் இத்தாலிக்காரனுடைய பெரிய பந்து. ஷாம்பூ இந்தி, "அமுக்கு, பிடித்துவிடு" என்கிற வார்த்தையிலிருந்து போனதாம். டாட்டூ எங்கேயோ கடலுக்கு நடுவில் இருக்கிற தீவுக்காரர்களுடையது. மத்தியானத்தைச் சொல்கிற "நூன்" லத்தீனாம். அந்தக் காலத்தில் அது பகலின் ஒன்பதாம் மணி, நம் கணக்குக்கு மூன்று மணியாம். உடனே சம்பந்தியம்மா ரத்னம்மா அடுப்பங்கரையிலிருந்து, "பார்த்தீங்களா, நான் மூணு மணிக்குச் சாப்பாடு போட்டாலும் அது கரெக்ட் டைம்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் வயிறு சிரிக்கவில்லை.

இப்படியே உலகம் முழுக்கச் சுற்றினோமே தவிர நம் ஊர்ப் பக்கம் ஒரு வார்த்தையும் வரவில்லை. அப்போது பச்சையம்மாள், ஆமாம் உங்கள் தங்கைதான், மெதுவாக, "சுருட்டுக்கு இங்கிலீஷ்ல இன்னாம்மா?" என்று கேட்டாள். பிரீத்தி கை தட்டினாள். "செரூட்! ரெண்டு ஓ இருக்கு அத்தய்யா. சுருட்டுங்கிற தமிழ் வார்த்தைதான் அது. தமிழுக்கு ஒரு மார்க்." மச்சான், எனக்கு வந்த சந்தோஷத்தில் நான் எழுந்து நின்று சம்பந்தியைப் பார்த்து மீசையைத் தடவினேன். தடவின கை கீழே இறங்கவில்லை, பின்கட்டிலிருந்து பூனை அளவுக்கு ஒரு பெருச்சாளி தடதடவென்று கூடத்துக்குள் வந்தது. ரத்னம்மா "பந்திகொக்கு! பந்திகொக்கு!" என்று அலறிக்கொண்டு கரண்டியோடு ஓடி வர, தாம்பூலத் தட்டு கவிழ்ந்து பாக்கு உருள, நானும் சம்பந்தியும் ஒரே சோபாவில் ஏறி ஒருத்தரையொருத்தர் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றோம். தனசேகர் துடைப்பத்தால் அதை வாசல் வழியாக விரட்டினான். நான் இறங்கும்போது உருண்டு கிடந்த பாக்கில் கால் வைத்தேன். முழங்கால் கதை அதுதான்.

இத்தனை ரகளையிலும் அந்தப் பெண் சிரிக்கிறாள். "அம்மா இப்ப கத்தினதுதான் அடுத்த வார்த்தை. பெருச்சாளிக்கு இங்கிலீஷ்ல பாண்டிகூட்! தெலுங்குல பந்தின்னா பன்னி, கொக்குன்னா எலி. தெலுங்குக்கு ஒரு மார்க்" என்றாள். இத்தனை காலம் நாம் பெருச்சாளி பெருச்சாளி என்று வாய் வலிக்கக் கத்தியிருக்கிறோமே, வெள்ளைக்காரன் காதில் அது விழவே இல்லையா? அடுத்து சம்பந்தி "மங்கூஸ்" என்றார், நம் கீரிப்பிள்ளை. அது மராட்டி வழியாகப் போனதாம், தெலுங்கிலும் முங்கிஸ என்று இருக்கிறதாம், அடியிலே யாருடையது என்று அடித்துச் சொல்ல முடியாதாம். "அதனால அரை மார்க்" என்றாள். ஆக அவர்கள் ஒன்றரை, நாங்கள் ஒன்று. "இன்னும் வார்த்தை இருந்தா சொல்லுங்க மாமய்யா, இல்லன்னா போட்டி இதோட முடிஞ்சது" என்றாள்.

அரை மார்க்கில் ஜெயித்த மனுஷன் ஆடுவார் என்று பார்த்தால், சம்பந்தி சோபாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பாவகாரு, எனக்கு ஒரே பொண்ணு. நாளைக்கு உங்க வீட்டுக்கு வந்துடுவா, அது சந்தோஷம்தான். ஆனா இந்த வாசல்லேர்ந்து நானே கையப் புடிச்சு அனுப்பணும் பாவகாரு. வேற ஊர்ல கொண்டாந்து உட்டுட்டு வெறும் கையோட திரும்பி வர என்னால ஆவாது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

மச்சான், உங்களிடம் மட்டும் சொல்கிறேன், இது நம் இருவருக்குள் இருக்கட்டும். அந்த நேரத்தில் என் வாய்க்குள் ஒரு வார்த்தை ரெடியாக இருந்தது. கூலி! நகரியில் தறி போட்டவன் தினம் பத்து வாட்டி சொல்கிற வார்த்தை. வெள்ளைக்காரன் அதை எழுதும்போது ரெண்டு ஓ போட்டுத்தான் எழுதுகிறான். அது குஜராத்துப் பக்கத்து ஜனங்களின் பேரிலிருந்து வந்தது என்றும் சிலர் சொல்வதாக நேற்று போனில் பார்த்தேன், அது கிடக்கட்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் ரெண்டு, அவர் ஒன்றரை, கல்யாணம் நகரியில். ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தேன். வார்த்தையை முழுங்கிவிட்டேன். "சரி பாவகாரு, கல்யாணம் உங்க வாசல்லயே" என்று எழுந்து கை கொடுத்தேன். ரத்னம்மா சர்க்கரை எடுத்து வந்து எல்லோர் வாயிலும் போட்டார். இப்படி ஒரு பெருந்தன்மை என்னிடம் இருக்கும் என்று எனக்கே தெரியாது மச்சான். ஆகவே தாங்கள் சீர்வரிசையோடு திருப்பதிக்கு வந்து சேரவும். எங்கள் தெரு ஜனத்தை பஸ் வைத்து அழைத்துக்கொண்டு நான் முன்னால் வந்து நிற்பேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் கூடத்துக்குச் சீக்கிரம் டவர் வரட்டும்.

இப்படிக்கு,
எப்போதும் தங்கள் மேல் மரியாதையுள்ள
உமாபதி

பின்குறிப்பு: அண்ணா, நான் பச்சையம்மா எழுதறேன். கவர்ல போட்டு ஒட்டச் சொல்லி என்னாண்ட குடுத்தாரு, படிச்சிட்டேன். இவரு சொல்றத நம்பாத. அங்க இவரு வாய்ல ஒரு வார்த்தையும் இல்ல. எவ்ளோ நேரம் மோட்டுவளையப் பார்த்துக்கினு முழிச்சாருன்னு எனக்குத்தான் தெரியும். தோத்துட்டுத்தான் கை குடுத்தாரு. பஸ்ஸு புத்தூர் தாண்டறப்பதான் "கூலி!"ன்னு ஒரு கத்து கத்தினாரு. டிரைவர் பயந்து பிரேக் போட்டுட்டாரு, கண்டக்டர் ஓடியாந்து யாரு இன்னா கூலி கேக்கறதுன்னு அதட்றாரு. எறங்கித் திரும்பிப் போவலாம், நகரிலதான் கல்யாணம்னு இவரு எழுந்து நிக்கறாரு, நானும் தனசேகரும் சட்டையப் புடிச்சு உட்கார வெச்சோம். உட்கார்ந்தவரு சும்மா இருந்தாரா, பிரீத்திக்குப் போனைப் போட்டுட்டாரு. அந்தப் பொண்ணு "சொல்லுங்க மாமய்யா"ன்னு சொன்னது எனக்கே கேட்டுச்சு. இவரு வாய் வரைக்கும் வந்த கூலிய முழுங்கிட்டாரு. அப்புறம், "ஒண்ணுமில்லம்மா, பஸ் ஏறிட்டோம்னு சொல்லத்தான். உங்க நைனாவ நாளைக்கே பந்தல்காரனப் பார்க்கச் சொல்லு, முகூர்த்த மாசம், ஆளு கெடைக்க மாட்டான்"னு சொல்லி வெச்சுட்டாரு.