டவர் உங்கள் ஜன்னலில்தான் இருக்கிறது

இசக்கியம்மன் துணை

தாராவி,
வியாழக்கிழமை, காலை பத்தே கால் மணி.

மேல் மாடியில் குடியிருக்கும் என் சகலை, மரியாதைக்குரிய வேல்ராஜ் அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு, கீழ் வீட்டு வானமாமலை வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நான், ஆறுமுகத்தாய், மகள் கீதா மூவரும் சுகம். தாங்கள் சுகமாக இருப்பதைக் காலையில் தாங்கள் இருமிய இருமலிலேயே தெரிந்துகொண்டேன். மதினியும் சுகம் என்பது மிக்ஸி ஓடிய சத்தத்தில் தெரிந்தது. மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை என்று எழுதத்தான் ஆசை. விசேஷம் இருக்கிறது.

பதினோரு இரும்புப் படி ஏறினால் உங்கள் வீடு, அதை விட்டுவிட்டு இவன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். நமக்குள் பேச்சு நின்று நாலு வருஷம் ஆகிறது. உங்கள் மூத்தவன் கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று பதினாறு பேர் போட்டிருந்தீர்கள். பதினாறாவது பேர் என்னுடையது. எனக்கு மேலே ஆண்டாப் ஹில்லில் இருக்கிற உங்கள் சீட்டாட்டச் சிநேகிதர். அவருக்கும் உங்களுக்கும் என்ன சொந்தம், எந்த வழியில் சொந்தம் என்று இன்றைக்கு வரைக்கும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சரி, அதைப் பேச நான் வரவில்லை. அது முடிந்துபோன கதை. பத்திரிகையை மட்டும் பீரோவில் துணிக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கீதா பத்தாவதில் எண்பத்தொன்பது பர்சென்ட் எடுத்திருக்கிறாள். மாட்டுங்கா காலேஜில் சயன்ஸ் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை, நடந்தே போய் வந்துவிடலாம். இந்த வருஷம் முதல் காலேஜுக்கு நேரில் போய் ஃபாரம் வாங்கும் வேலையே கிடையாதாம். எல்லாம் நெட்டில்தான். எந்தெந்தக் காலேஜ் வேண்டும் என்று வரிசையாக முப்பத்தைந்து காலேஜ் பெயர் குறித்து, கடைசிப் பக்கத்தில் கன்ஃபர்ம் என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதை அமுக்கினால்தான் ஃபாரம் போய்ச் சேரும். அமுக்காவிட்டால் மற்ற பிள்ளைகள் எல்லாம் எடுத்தது போக மிச்சம் மீதி எங்கே கிடக்கிறதோ அங்கேதான் சீட்டு. கடைசி நாள் இன்று. கடைசி நேரம் மாலை ஐந்து மணி. நாலு நாளாக அந்தப் பட்டனை எங்களால் அமுக்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்றால் அதற்குக் காரணம் நான் வாங்கிய போன். தாதரில் ஒரு கடை. நகுல் என்று ஒரு பையன், டை கட்டியிருந்தான். பார்க்க வீட்டுப் போன் மாதிரியே இருக்கும், பின்னால் ஒரு ஆண்டெனா நிற்கும், வயரே கிடையாது. அதிலிருந்து ஒரு கேபிளை எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகி டயல் பண்ணினால் வீட்டுக்கே நெட் வந்துவிடும், போனுக்குப் போனும் ஆச்சு நெட்டுக்கு நெட்டும் ஆச்சு, “அங்கிள், டென்ஷன் நஹி லேனேகா”, கவலையே பட வேண்டாம் என்றான். கடையில் சொருகிக் காட்டினான், டவர் அஞ்சு குச்சியும் நிமிர்ந்து நின்றது. நானும் ஏமாந்தேன். பட்டறையில் பேக் தைக்கிறவன் நான், ஜிப்பை நாலு தடவை இழுத்துப் பார்க்காமல் ஒரு பையைக் கடைக்கு அனுப்ப மாட்டேன், இதை ஒரே தடவை பார்த்துவிட்டு வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து சொருகினால் குச்சியும் இல்லை ஒன்றும் இல்லை. டிவி மேல் வைத்தேன், இல்லை. பிரிட்ஜ் மேல் வைத்தேன், அரைக் குச்சி வந்து போயிருச்சு. தண்ணி டிரம் மேல் பலகை போட்டு அதுக்கு மேல் வைத்தேன், ஒரு குச்சி. ஆறுமுகத்தாய் கையில் கொடுத்து, தைத்து வைத்த ஸ்கூல் பேக் கட்டு மேல ஏத்தி நிக்க வச்சேன். ரெண்டு குச்சி! சாமி மாதிரி நில்லுன்னு சொன்னேன். கீதா அவசர அவசரமா டயல் பண்ணி மூணாம் பக்கம் வரைக்கும் போயிட்டா. அந்த நேரம் பார்த்து இவ முந்தானையச் சரி பண்ணக் கையை இறக்குறா, கனெக்ஷன் போயிருச்சு. ஏண்டி, ரெண்டு நிமிஷம் அசையாம நிக்க முடியாதான்னேன். “போன் வாங்கப் போனீங்களா, பொண்டாட்டிய ஆண்டெனாவா நிறுத்தப் போனீங்களா”ன்னு பேக் கட்டுல இருந்து இறங்கினவதான், அடுத்த வேளை எனக்குச் சோறு கீதாதான் போட்டா.

டவர் வந்தாலும் நிம்மதி இல்லை அண்ணாச்சி. இந்தப் போனில் ஒரு வித்தை இருக்கிறது, அதை நகுல் சொல்லவே இல்லை. நெட் ஓடும்போது யாராவது கூப்பிட்டால் நெட் அறுந்துவிடும். புதுப் போன் வந்த சந்தோஷத்தில் நம்பரை நான் பார்க்கிறவன் எல்லாருக்கும் கொடுத்துத் தொலைத்திருந்தேன். விக்ரோலியில் இருந்து என் ஒன்றுவிட்ட தம்பி கண்ணா கூப்பிடுறான், என்னடான்னா “ஃபாரம் போட்டாச்சா அண்ணே?” போட்டுக்கிட்டுதாண்டா இருந்தேன், நீ கூப்பிட்டுக் கெடுத்தே! வச்சிட்டு மறுபடி முதல்ல இருந்து டயல் பண்ணி, பாஸ்வேர்டு போட்டு, பதினெட்டாவது காலேஜ் வரைக்கும் வந்தா மறுபடி மணி அடிக்குது. திருப்பி அவனே. “அண்ணே, அப்ப லைன் கட்டாயிருச்சு, போட்டாச்சான்னு நீங்க சொல்லவே இல்லையே?” இவன் அக்கறைப்படுறானா உயிரை வாங்குறானா, நீங்களே சொல்லுங்க. இது போக, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாத்தான் இருக்கு, உங்க வீட்டு மதினி. நாம ரெண்டு பேரும் பேசாததால அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் நமக்கு மரியாதை கொடுத்து நேர்ல பேசுறதில்லை, போன்லதான் பேசுறாங்க. தலைக்கு மேல உக்காந்துக்கிட்டுத் “தாயி, உனக்குத் தண்ணி வந்துட்டாடி?”ன்னு போன். எனக்கு அவங்க குரல் போன்லயும் கேக்குது, மச்சு வழியாவும் கேக்குது. நேத்து மட்டும் மூணு தடவை. ஒரு தடவை இருபத்தெட்டாவது காலேஜுல இருந்தோம்.

கம்பெனிக்காரனிடம் புகார் சொல்லலாம் என்று பார்த்தால் எந்தப் போன் பழுதோ அந்தப் போனில் இருந்தே கூப்பிட வேண்டுமாம். கூப்பிட்டேன். சாதனா என்று ஒரு பொண்ணு, தேன் மாதிரிக் குரல். நெட் அறுந்து அறுந்து போகுதும்மான்னு எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில சொன்னேன். “சார், அபி நெட் சல் ரஹா ஹை க்யா?” அம்மா, இப்ப உங்கூடப் பேசிக்கிட்டு இருக்கேனே, அப்புறம் எப்படிம்மா ஓடும்! “ஏக் பார் கனெக்ட் கர்கே தேக்கியே சார்.” கனெக்ட் பண்ணணும்னா உன் லைனை நான் வைக்கணும். “சார், லைன் மத் காட்டியே.” லைனையும் கட் பண்ணக் கூடாதாம். இப்படியே நாப்பது நிமிஷம். கடைசியில என் பிரச்சினை தீர்ந்துச்சுன்னு கம்ப்ளைன்டை மூடிட்டு, சேவை எப்படி இருந்துச்சுன்னு ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள மார்க் போடச் சொல்றா.

அஸாருதீன் சைபர் கடை எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். போனேன். எழுபத்து மூணாவது டோக்கன். அது மட்டும் இல்லை, அவனே டைப் அடிப்பானாம், பாஸ்வேர்டைச் சத்தமாகச் சொல்லச் சொல்கிறான், வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. நம்ம சந்துல ஒரு பொண்ணுக்கு சயன்ஸுக்குப் பதிலா காமர்ஸ்னு அடிச்சு கன்ஃபர்மும் பண்ணிட்டாங்க. என் பிள்ளை ஃபாரத்தை நான் வீட்டுலயே போடுவேன்னு வரிசையில நின்ன அத்தனை பேர் முன்னாடியும் சவால் விட்டுட்டு வந்துட்டேன். இப்ப திரும்பிப் போக முகம் இல்லை, போனாலும் ஐஞ்சு மணிக்குள்ள என் முறை வராது.

அப்புறம்தான் துணி காயப் போடுற மூங்கில்ல போனைக் கட்டி, சந்துல நின்னு உசத்திப் பார்த்தேன். உங்க ஜன்னலுக்கு நேரா வந்ததும் நாலு குச்சி! டவர் ஆண்டாப் ஹில் பக்கம் இருக்காம், உங்க ஜன்னல்ல இருந்து தகரக் கூரைக்கு மேல நேராத் தெரியுது. ஆனா கேபிள் ஒரு கஜம்தான். நீளக் கேபிள் வாங்கிச் சொருகினா அப்படி ஒரு போனே இல்லைங்குது கம்ப்யூட்டர். நான் மூங்கிலைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து நிக்கிறேன், ஜன்னல்ல காயப் போட்ட உம்ம லுங்கியில இருந்து தண்ணி சொட்டுச் சொட்டா போன் மேல விழுது. நீரு ஜன்னல்ல எட்டிப் பாத்தீரு. பாத்தீரா இல்லையா? கண்ணும் கண்ணும் நேரா நின்னுச்சுல்லா? என்ன வானமாமலை, ஏது, மழைக்கு மூங்கிலோட நிக்கியேன்னு ஒரு வார்த்தை கேட்டீரா? லுங்கிய உருவிக்கிட்டு உள்ள போயிட்டீரு. நீரெல்லாம் ஒரு மனுசன்! உம்ம வீட்டுக் கல்யாணத்துல பந்தி விசாரிச்சவன் நான்!

கோபத்தில் எழுதிவிட்டேன், அடித்துத் திருத்த மனசில்லை. நேற்றுச் சாயங்காலம் கீதா கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டி உட்கார்ந்துகொண்டு, “விடுங்கப்பா, லாஸ்ட்ல அவ்வளவு தூரத்துல விரார் பக்கம் எங்கயாவது கிடைக்கும், டிரெயின்ல போயிக்கிறேன்” என்று சிரித்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆறாவதோடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்தவன் நான், அவளுக்கு என்னால் சொல்லிக்கொடுக்க முடிந்தது ஒன்றுமில்லை. அவளாகப் படித்தாள், அவளாக மார்க் எடுத்தாள். ஒரு பட்டனை அமுக்க வழி பண்ணுவது ஒன்றுதான் என் பாகத்துக்கு வந்த வேலை, அதையும் கெடுத்துவிட்டேன்.

ஆகவே கேட்பது இதுதான். ஐந்து மணி வரை கம்ப்யூட்டரையும் போனையும் உங்கள் ஜன்னல் ஓரத்தில் வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். கீதா மட்டும் வருவாள். நான் வரமாட்டேன், நீங்களும் என்னோடு பேச வேண்டியதில்லை. அது வரை மதினி யாருக்கும் போன் போடாமல் இருக்க வேண்டும். தண்ணீர் வந்தால் நான் கீழே இருந்து குடத்தைத் தட்டுகிறேன். இதை உபகாரம் என்று நினைத்துக்கொண்டு நாளைக்கு நாலு பேரிடம் சொல்லிக்காட்டக் கூடாது. கடிதத்தைக் கீதா கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதினேன்.

மதினிக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் அன்பையும் சொல்லவும். அம்மன் எல்லாருக்கும் நல்ல புத்தியைக் கொடுக்கட்டும், வேண்டியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
தங்கள் பதினாறாவது பேர்,
வானமாமலை.

பின்குறிப்பு: மாலை ஐந்தே முக்கால். அண்ணாச்சி, மேலே எழுதியிருக்கிற எதையும் படிக்காதீங்க. வெளிய போயிட்டு மூணு மணிக்கு மேல வந்த நீங்க கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துட்டீங்கன்னு கீதா ஒட்டினது ஒட்டினபடி கொண்டுவந்தப்ப எனக்கு ரத்தம் கொதிச்சுச்சு. திட்ட வாயைத் திறக்கிறேன், அவளுக்குப் பின்னாடியே நீங்க நிக்கிறீங்க. ஒரு வார்த்தை பேசல. நேரா உள்ள வந்தீங்க, மானிட்டரைத் தூக்கித் தோள்ல வச்சீங்க, படி ஏறிட்டீங்க. அந்தப் பெரிய டப்பா என்ன கனம்னு எனக்குத் தெரியும். சி.பி.யு.வைத் தூக்கிக்கிட்டுப் படி வரைக்கும் வந்தேன், அதுக்கு மேல காலு வரல. அங்கேயே நின்னேன், அதையும் போனையும் கீதா வாங்கிட்டுப் போனா. மேல என்ன நடந்துச்சுன்னு கீதாதான் சொன்னா. கடுதாசியைப் பிரிக்காம, என்ன விஷயம்னு அவகிட்டயே கேட்டீங்களாம். போனை ஜன்னல் கட்டையில வச்சா ரெண்டு குச்சி, வெளிய கையை நீட்டிப் பிடிச்சா நாலு குச்சின்னு, ஒண்ணே கால் மணி நேரம் நீங்க கையை நீட்டிக்கிட்டே நின்னீங்களாம், மழையில, தோள் வலிக்குதுன்னு மதினி சொல்லியும் கை மாத்தாம. நாலே முக்காலுக்கு “அப்பா, கன்ஃபர்ம்!”னு அவ கத்தினது சந்து முழுக்கக் கேட்டுச்சு.

இதை நேர்ல சொல்லணும்னுதான் படி வரைக்கும் ரெண்டு தடவை வந்தேன். வாய் வரல, அதான் இந்தக் கடுதாசியிலயே எழுதி அனுப்புறேன். முதல் லிஸ்டு பத்தாம் தேதி வருதாம், அதையும் நெட்லதான் பாக்கணுமாம். கம்ப்யூட்டர் அங்கேயே இருக்கட்டும். அன்னைக்கு நானே மேல வர்றேன். டீயெல்லாம் போட வேண்டாம். போட்டா, எனக்குச் சீனி கம்மியா.