ரோல் கேமராவா, டிஜிட்டல் கேமராவா என்று அப்பா கேட்டதற்கு

கல்லிடைக்குறிச்சி
20-7-1999

மரியாதைக்குரிய அப்பாவுக்கு, பத்தாம் வகுப்பு சங்கரி வணங்கி எழுதுவது. இங்கு அத்தை, மாமா, கணேஷ்ராம் அத்தான் எல்லோரும் சுகம். பஹ்ரைனில் உங்கள் சுகத்துக்குப் பதில் எழுதச் சொல்ல ஆசைதான். ஆனால் எழுத வேண்டாம். நீங்கள் எழுதும் கடிதத்தை மாமா கூடத்தில் சத்தமாகப் படிப்பார். இந்தக் கடிதம் வந்ததே அவருக்குத் தெரியக் கூடாது.

எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமா இருமினால் பேனாவை மூடிவிடுவேன், அதனால் எழுத்து அங்கங்கே மாறியிருக்கும். நம் வீட்டு நீல ஏரோகிராமில் மாமா இரண்டு பக்கம் எழுதுவார், மீதியில் அத்தை எழுதுவாள், ஓரத்தில் அத்தான் எழுதுவான், பசை தடவும் மடிப்புதான் எனக்கு. ஒட்டினால் என் வரி பாதி உள்ளே போய்விடும். மூன்று வருடமாக உங்களுக்கு என்ன கிடைத்ததோ தெரியவில்லை. நான் எழுதியது “நன்றாகப் படிக்கிறேன், எப்போது வருவீர்கள்” என்பது.

தீபாவளிக்கு வரும்போது கேமரா வாங்கி வருகிறேன், எது வேண்டும் என்று சங்கரியையே எழுதச் சொல்லவும் என்று எழுதியிருந்தீர்கள். அம்மா போன பிறகு என்னிடம் ஒருவர் எது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் மாமா, “சங்கரி டிஜிட்டல் வேணும்னு ஒரே அழுகை” என்று எழுதி ஒட்டிவிட்டார். நான் அழவில்லை. அம்பாசமுத்திரத்தில் மூன்று மாதக் கம்ப்யூட்டர் படிப்பு படிக்கிற அத்தானுக்குத்தான் அது வேண்டும். வந்தால் அவன் பீரோவுக்குள் போய்விடும், எனக்குக் கிடைக்காது. நீங்கள் கடைக்குப் போவதற்குள் இது வந்து சேர வேண்டும்.

டிஜிட்டல் எப்படிப்பட்டது என்று போன மாதம் பார்த்துவிட்டோம். தில்லைநாயகம் பெரியப்பா வீட்டு அக்காவின் வளைகாப்பில், சிங்கப்பூரிலிருந்து அவர் மகன் கொண்டுவந்த ஒன்றை அத்தான் வாங்கிக்கொண்டு எடுக்க ஆரம்பித்தான். எட்டுப் படத்தில் இடம் நிரம்பிவிட்டது, ஒன்றை அழித்தால்தான் இன்னொன்று எடுக்கலாம் என்றான். காலைப் பந்தியில் இருந்தவர்களையெல்லாம் கேட்டு, கடைசியில் அத்தையின் படத்தை அழித்தான். அத்தை இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டாள். “நல்ல நாளும் அதுவுமா பெத்த தாயை அழிச்சிட்டேன்னு சபையில சொல்லுதானே, இவன் வெளங்குவானா?” என்றாள். “ஏலே, திருப்பிக் கொண்டாலே அவள” என்று மாமா அதட்டினார். அத்தையைத் தேடப் போனவன் எந்தப் பொத்தானை அமுக்கினானோ, மாசமாக இருந்த அக்காவும் போய்விட்டாள். மறுபடி எடுக்கலாம் என்றால் செல் தீர்ந்துவிட்டது. ரேடியோவிலிருந்து மூன்று, சுவர்க்கடிகாரத்திலிருந்து ஒன்று என்று கழற்றிப் போட்டான். கேமரா அப்படியும் வேலை செய்யவில்லை, கடிகாரம் பத்து இருபதில் நின்றது. அதைப் பார்த்துப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்து, கடைசியில் பத்தரை மணி ராகு காலத்தில் வளையல் போட்டார்கள். பெரியப்பா வீட்டில் இன்னும் நம்மோடு பேச்சில்லை. படமும் இல்லை.

அதனால் ஸ்டுடியோ வைத்திருக்கும் மதார் அண்ணாச்சியிடம் பள்ளி விட்டு வரும்போது பயந்துகொண்டே கேட்டேன். “கம்ப்யூட்டரு இல்லாத வீட்டுக்கு அது எதுக்குத் தாயீ? மாடு இல்லாதவன் தீவனம் வாங்குத மாதிரி. ரோலுன்னா முப்பத்தாறு படம், பாத்துப் போட்டா முப்பத்தெட்டு வரும். விலையும் பாதிகூட இருக்காது” என்றார். யாருக்கு என்று கேட்டார். தோழிக்கு என்றேன். எனக்குத் தோழி யாரும் இல்லை, பொய்தான், மன்னிக்கவும்.

ரோலிலும் ஒரு தொல்லை உண்டு. முப்பத்தாறும் முடியாமல் கழுவக் கொடுக்க மாமா விடமாட்டார். தீபாவளிப் படத்தை ஆனியில்தான் பார்ப்போம். அதற்குள் நீங்கள் போய் எவ்வளவோ மாதம் ஆகியிருக்கும். ஆனாலும் எனக்குச் சின்ன ரோல் கேமராவே போதும். சட்டைப் பைக்குள் அடங்கவேண்டும், ஃபிளாஷ் அதிலேயே இருக்கவேண்டும், செல் இரண்டுக்கு மேல் கேட்கக்கூடாது. இதுதான் என் முடிவு. மாமாவுக்குத் தெரிந்தால் அடிக்கமாட்டார். பேசமாட்டார். இந்த வீட்டில் நாலு நாள் யாரும் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சம்மதம் என்றால் மாமாவுக்கு எழுதும் கடிதத்தில், மணிமுத்தாறில் தண்ணீர் எவ்வளவு என்று கேளுங்கள். நான் புரிந்துகொள்வேன்.

இதற்குள் திருநீற்றுப் பொட்டலம் வைத்திருக்கிறேன். அத்தையும் மாமாவும் விசாரித்ததாக எடுத்துக்கொள்ளவும், அவர்களுக்குத் தெரியாது.

உங்கள் பாதம் பணியும் மகள்,
சங்கரி

பின்குறிப்பு: மடித்த பிறகு மறுபடி பிரிக்கிறேன். மேலே முடிவு என்று எழுதியதை விட்டுவிடுங்கள். ரோலோ டிஜிட்டலோ, எதுவும் சரி, அத்தான் வைத்துக்கொண்டாலும் சரி. சிலதில் ஒரு பொத்தான் உண்டாம், அமுக்கிவிட்டு ஓடிவந்து நின்றால் பத்து வினாடியில் தானே எடுக்குமாம். அது இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். போன தடவை இரவல் கேமராவில் நீங்கள் எடுத்த படங்களில் எல்லாம் நான் மட்டும்தான் இருக்கிறேன். பத்து வினாடிக்குள் என் பக்கத்தில் வந்து நிற்க உங்கள் முழங்கால் ஒத்துழைக்குமா என்று அந்தக் கடையிலேயே ஒரு தடவை ஓடிப் பார்த்துவிடுங்கள்.